முதுகு சாமி விட்டுப்போன பக்கம்

திருவனந்தபுரத்தில் முதுகு சாமி திருப்பிப் பார்க்காத படம் கிடையாது. வீட்டுக்குள் வருவார். சௌக்கியமா என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் சுவரில் தொங்கிய படம் அவர் கைக்குப் போயிருக்கும். படத்தின் முகம் அவர் வயிற்றைப் பார்க்கும், முதுகு அவர் கண்ணைப் பார்க்கும். கிருஷ்ணன் படமோ கல்யாணப் படமோ, எதுவும் தப்பாது. ஒரு பேங்கில் மேனேஜர் அறைச் சுவரில் அருவிப் படம் இருந்தது. பாஸ்புக் பதியப் போன இடத்தில் அதையும் கழற்றினார். பின்னால் நாலு பல்லி முட்டை இருந்தது. "உள்ளே குடித்தனம் இருக்கு, மெள்ள மாட்டுங்கோ" என்று மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

நல்ல பெயர் ஒன்று இருந்தது. கரமனையில் அவர் தெருக்காரர்களுக்கே அது மறந்துபோனது.

நான் ஆரியசாலையில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். அஞ்சாவது வரை படித்தேன். கண்ணாடி அறுப்பேன், சட்டம் அடிப்பேன், ஆணி அறைவேன். பேச்சு குறைவு. சாமி எனக்கும் சேர்த்துப் பேசினார்.

முதல் முறை வந்தபோது கையில் ஒரு படம். கண்ணாடி உடைந்திருந்தது. மேஜையில் குப்புற வைத்தார்.

"ஓய், தமிழ் படிப்பீரா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன் சாமி."

"படியும்."

படத்தாளின் பின்பக்கம் கறுப்பு மையில் நாலு வரி இருந்தது.

கல் பொறுக்கிக் கல் பொறுக்கிக் கண் மங்கினாள்
சொல் பொறுத்துச் சொல் பொறுத்து வாய் மூடினாள்
எல்லாரும் உண்டபின் உண்டாள் அவளிடம்
பசிக்கிறதா என்று கேட்டவர் இல்லை

திருப்பிப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், தண்ணீர்ச் சாயத்தில் வரைந்த முகம்.

"எங்கம்மா" என்றார் சாமி. "போய் இருபது வருஷமாச்சு. நேத்து ஆணி இத்துப்போய் விழுந்தா. கண்ணாடி பொறுக்கறச்சே இதைப் பாத்தேன். அவ கையால எத்தனை வருஷம் சாப்ட்டிருக்கேன்! ஒரு நாள் கேட்டதில்லை ஓய். தெருவோட போன ஒருத்தன், ஒரு மத்தியானம் உக்காந்து வரைஞ்சவன், அவன் பாத்துட்டான்."

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அதில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. கன்னத்தில் கீறிவிட்டது. மஞ்சள் வைத்துவிட்டேன்.

படத்தின் மூலையில் ஆவுடையப்பன் என்று சின்னதாக எழுதியிருந்தது. சாமி விசாரித்தார். அந்தக் காலத்தில் ஸ்ரீவராகம், கரமனை, சாலைப் பக்கம் வீடு வீடாகப் போய் முகம் வரைந்து கொடுத்த ஆள். வீட்டுக்காரர் கேட்டதை முன்பக்கம் வரைவார். தான் பார்த்ததைப் பின்பக்கம் எழுதுவார். எழுதியதை யாரிடமும் சொன்னதில்லை. படம் சுவருக்குப் போய்விட்டால் முதுகு யாருக்குத் தெரியும்? ஆள் செத்தார். ஊர் மறந்தது. படம் வைத்திருந்தவர்களுக்கே யார் வரைந்தது என்று தெரியாது.

சாமி அப்போது ஒரு சர்க்கார் ஆபீசில் பழைய காகிதம் அடுக்கி வைக்கிற பிரிவில் இருந்தார். ஓய்வு பெறுகிற வருஷம்.

"புஸ்தகம் எழுதப் போறேன் ஓய். ஊர்ல எல்லாரையும் பத்தி இவன் எழுதியிருக்கான். இவனைப் பத்தி ஒருத்தனும் எழுதலை. அதிருக்கட்டும், இப்ப வீடுகளை இடிச்சு பிளாட் கட்டறா. படமெல்லாம் பழைய சாமான் எடுக்கற ஆக்ரிக்காரன் வண்டியில போறது. இவன் ரெண்டாவது தடவை சாகறதுக்குள்ள எழுதணும்."

"எழுதுங்க சாமி" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஆணி பிடுங்க ஆள் வேண்டும் என்று குறடோடு என்னைக் கூட்டிப்போனார்.

எந்த வீட்டில் எந்தப் படம் என்று கணக்கே இல்லை. ஸ்ரீவராகத்தில் ஒரு சாவு வீடு. துக்கம் கேட்கப் போனோம். செத்தவர் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். சாமி கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே படத்துக்குப் போனது.

செத்தவர் மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, எந்தா இது? ஸ்டூடியோவில எடுத்த போட்டோ மாமா. போன வருஷம் எடுத்தது."

"தெரியும்டா கொழந்தே. ஒரு தடவை பாத்துடறேன். மனசு கேக்கமாட்டேங்கறது."

"அப்பா போய் நாலு நாளாகலை மாமா!"

"அதான் சொல்றேன். உங்கப்பா ஒண்ணும் நினைச்சுக்கமாட்டார். ரொம்ப நல்ல மனுஷன்."

திருப்பினார். மாலை விளக்கில் விழுந்தது. ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெளியே வரும்போது ஒரு கிழவி என் கையிலிருந்த குறடைப் பார்த்தாள். "திருட வந்தவாளா இருந்தா இருட்டினப்பறம் வரப்படாதோ" என்றாள்.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இந்த ஊர் ஈரத்துக்குத் தாள் நெளியும். நெளிந்தால் வாடிக்கைக்காரர் திட்டுவார். அதனால் நான் படத்தாளின் முதுகு முழுக்க மைதாப் பசை தடவி, ஹார்ட்போர்டில் அப்படியே ஒட்டிவிடுவேன். பசையில் மயில்துத்தம் கலப்பேன், பூச்சி வராது. மற்ற கடைக்காரர்கள் ஓரத்தில் மட்டும் ஒட்டுவார்கள். என் படம் நெளியாது என்று எனக்குப் பெருமை. ஆவுடையப்பன் படங்கள் நாலைந்து என் கைக்கும் வந்திருக்கின்றன. முதுகில் எழுத்து இருந்ததைப் பார்த்தேன். படிக்கவில்லை. என் வேலை முன்பக்கத்தோடு சரி.

அப்படி ஒட்டிய படம் ஒன்று எங்கள் ஆரியசாலையிலேயே அண்ணாச்சி கடையில் இருந்தது. மிளகாய் மொத்த வியாபாரம். அவர் தாத்தா படம். தலைப்பாகை, முறுக்கு மீசை, பார்த்தால் மிளகாயே பயப்படும். சாமி கெஞ்சினார். அண்ணாச்சியும், தாத்தாவைப் பற்றிக் கவி பாடியிருக்கிறது என்றால் கல்வெட்டில் வெட்டலாம் என்று சம்மதித்தார். தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிக்க முடியும். ஊறவைத்தேன்.

எழுத்து அப்படியே வந்தது. மை நல்ல மை. முன்பக்கம்தான் போய்விட்டது. தண்ணீர்ச் சாயம் அல்லவா. மீசை கரைந்து தாடையில் இறங்கியது. தலைப்பாகை மூக்குக்கு வந்தது.

சாமி தாத்தாவைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். கடையில் லோடு இறக்குகிறவர்கள் பத்துப் பேர் நின்றார்கள்.

மீசை முறுக்கிய மொத்த வியாபாரி
பூசை அறைக்குள் பல்லி விழுந்தால்
ஆசை மனைவி முந்தானை பிடிப்பார்
ஓசை எழாமல் ஒளிந்து நிற்பார்

லோடுக்காரர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏ சாமி! தாத்தாவும் போச்சு, மானமும் போச்சுவே!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார். என் பக்கம் திரும்பினார். "வே முத்தையா, ஒம்ம நம்பித்தானவே குடுத்தேன்!"

"அண்ணாச்சி, உங்களுக்குப் பல்லின்னா எப்படி?" என்றார் சாமி.

அண்ணாச்சி லோடுக்காரர்களைப் பார்த்தார். குரலை இறக்கி, "எனக்கும் ஆகாது" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாலு வரியை வேறு சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். இன்றைக்கும் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

இப்படி ஒரு நோட்டு நிறைந்தது. ஆவுடையப்பன் எந்த ஓட்டலில் சாப்பிட்டார், எந்தக் கடையில் சாயம் வாங்கினார், கடைசியில் எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார், எல்லாம் சாமி விசாரித்து எழுதினார். ஒன்று மட்டும் குறைந்தது. ஆவுடையப்பன் தன் முகத்தை ஒரே ஒரு முறை வரைந்தார், அது மகளிடம் இருக்கிறது என்று தெரிய வந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருப்பார்? அது கிடைத்தால் புத்தகம் முடிந்தது என்றார் சாமி. அப்போதே அவருக்கு நெஞ்சு வலி இருந்தது. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

மகள் கோமதியம்மாள், கரமனை ஆற்றோரம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். சுவர் மழையில் ஊறிக் கிடந்தது. சாமி வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல் படத்தைத் திருப்பினார்.

ஹார்ட்போர்டு. மூலையில் என் கடை ஸ்டிக்கர்.

சாமி என்னைப் பார்த்தார்.

"என் கடை ஒட்டு, சாமி" என்றேன்.

"முழுசுமா?"

"முழுசும்."

"ஒட்டறச்சே எழுத்து இருந்துதா?"

"இருந்தது."

"எத்தனை வரி?"

"பார்க்கலை சாமி."

ஆணி கோணலாக அறைந்தால் அரை மணி நேரம் திட்டுகிற மனுஷர். அன்றைக்குத் திட்டவில்லை. செரி என்றார். படத்தை மாட்டினார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"பூச்சி அரிக்கலைதானே?"

"அரிக்கலை."

"பின்னே நல்ல ஒட்டுதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பல வழி பார்த்தேன். வேறு படங்களை ஒட்டி, ஆவி பிடித்து, இஸ்திரி வைத்து, தூண்டில் நரம்பை நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தேன். முகம் கெடாமல் எதுவும் உரியவில்லை. சாமி வாரா வாரம் வந்து கேட்பார். "விட்டுதா?" "விடலை சாமி." "செரி, டீ சொல்லும்."

கடைசியில் கோமதியம்மாளே ஆள் அனுப்பினார். போனோம்.

"அப்பா முகம் எனக்குத் தெரியும் சாமி. கண்ணை மூடினா வரும். எழுதினது என்னன்னு தெரியாது. நீங்க இத்தனை வருஷம் அலையறீங்க. நனைச்சிருங்க."

"யோசிச்சுச் சொல்றேளா அம்மா?"

"யோசிச்சாச்சு. எனக்கும் வயசாச்சு. நான் போனா இந்தப் படம் யாருக்கு? எழுத்துன்னா உங்க புஸ்தகத்துல இருக்கும்."

வாயகன்ற உருளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தார். நான் ஆணி பிடுங்கி, கண்ணாடி எடுத்து, படத்தைச் சாமி கையில் கொடுத்தேன். குப்புறக் கொடுக்க முடியவில்லை. சுவர் ஈரம் சாயத்திலும் ஏறியிருந்தது, விரல் பட்டால் கலையும், அதனால் முகம் மேலே இருக்கும்படிதான் கொடுத்தேன்.

சாமி பார்த்தார்.

ஒல்லி முகம். ஒரு காது கொஞ்சம் பெரிசு, அதில் பென்சில். கழுத்துப் பட்டன் இல்லாத சட்டை. நேராகப் பார்க்கவில்லை. எதிரில் யாரையோ உட்காரவைத்து, சௌகரியமா இருக்கா என்று கேட்கிற பார்வை.

பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். நானும் கோமதியம்மாளும் நின்றோம்.

"சாமி, தண்ணி ஆறுது" என்றார் கோமதியம்மாள்.

"முத்தையா, கண்ணாடியைப் போடும்."

"எழுத்து சாமி?"

"வேண்டாம். இவனை நனைக்க எனக்கு முடியாது."

"புஸ்தகம்?"

"அந்த இடத்துல ஒரு பக்கம் காலியா விடறேன். அவன் எழுதினது அவன்கிட்டயே இருக்கட்டும்."

கோமதியம்மாள் உருளித் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். அப்புறம் உள்ளே போய்விட்டார். அழுகிற சத்தம் கேட்டது. நான் ஆணி அறைந்தேன்.

புத்தகத்தை நாகர்கோவிலில் அச்சடித்தார். அச்சாபீஸ்காரர் காலிப் பக்கத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி, அச்சு விழலைன்னு ஆளுக புஸ்தகத்த திருப்பிக் கொண்டாருவாக. எம் பேரு கெட்டுரும்." சாமி சண்டை போட்டுவிட்டு வந்தார். கட்டு வந்து இறங்கியது. பிரித்தால் அந்தப் பக்கத்தில் பெரிய ரோஜாப்பூ. இரண்டு இலை வேறு.

சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாத்திரை கொடுத்தேன்.

"ஓய், உம்ம பசை இருக்கா?"

மூன்று நாள். ஒவ்வொரு புத்தகத்திலும் ரோஜாப்பூ மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம். முழுக்கப் பசை தடவி நான் ஒட்டினேன். நெளியவில்லை. "இப்பத்தான் உம்ம தொழில் பிரயோஜனப்பட்டுது" என்றார் சாமி. சிரித்தார். அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

புத்தகத்தை நாலு பேர் வாங்கினார்கள். அதில் ஒருவன் நான். ஒருவர் அண்ணாச்சி. பத்திரிகைக்கெல்லாம் அனுப்பினார். ஒருவரும் எழுதவில்லை. சாமி தினமும் கடைக்கு வந்து, தபால் உண்டா என்பார். புத்தகத்தில் என் கடை விலாசம்தான் போட்டிருந்தார், வீட்டில் வாங்கி வைக்க ஆள் இல்லை என்று. தபால் வரவில்லை.

"ஆவுடையப்பனுக்கு என்னால ஒண்ணும் ஆகலை ஓய்" என்றார் ஒரு நாள். நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த கண்ணாடியை எடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தார். கட்டிலுக்கு எதிரே ஒரு பூச்சாடிப் படம். கை எட்டாது. நர்ஸைக் கூப்பிட்டு அதைத் திருப்பச் சொன்னார். அந்த மலையாளப் பெண், தாத்தாவின் ஆசை என்று சிரித்துக்கொண்டே திருப்பியது. "ஒண்ணும் இல்லா, அப்பூப்பா."

"நோக்கியல்லோ, அது மதி மோளே" என்றார்.

பார்த்தாயே, அது போதும் என்று அர்த்தம். என் காதுபட அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

புத்தகக் கட்டு என் கடையில் கிடந்தது. எனக்கு விற்கத் தெரியாது. எடைக்குப் போட மனசில்லை. பிரேம் கட்டிக் கொடுக்கும்போது கண்ணாடிக்கு முட்டுக் கொடுக்க அட்டை வைப்போம். அட்டைக்குப் பதில் சாமி புத்தகத்தை வைத்தேன். கண்ணாடியும் உடையாது, புத்தகமும் போய்ச் சேரும்.

இதை யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் போக வேண்டிய வீடு அதுதான். சுவரில் படம் மாட்டுகிற வீடு. கட்டைப் பிரித்தவர்கள் புரட்டினார்கள். புரட்டியவர்கள் எழுந்து போய்த் தங்கள் வீட்டுப் பழைய படத்தைத் திருப்பினார்கள்.

முதலில் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு காலேஜ் டீச்சர் வந்தார். கையில் அவர் பாட்டனார் படம். பின்பக்கம் நாலு வரி. "எங்க வீட்டிலே இத்தனை நாள் இருந்திருக்கு, அறிஞ்சதே இல்லை. இந்தப் புஸ்தகம் எழுதினவரை எங்கே பார்க்கலாம்?"

"பார்க்க முடியாதும்மா" என்றேன்.

அவர் பத்திரிகையில் எழுதினார். அப்புறம் தபால் வர ஆரம்பித்தது. மும்பையிலிருந்து, மதுரையிலிருந்து, எங்கெங்கோ கல்யாணமாகிப் போனவர்கள். எங்கள் பெரியம்மா படத்தில் இப்படி எழுதியிருக்கிறது, எங்கள் மாமா படத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று. சிலர் சண்டைக்கே வந்தார்கள். எல்லாத் தபாலையும் வாங்கி வைத்தேன். தினமும் கடைக்கு வந்து கேட்டவர்தான் இல்லை.

போன வருஷம் இங்கே ஒரு ஹாலில் கண்காட்சி வைத்தார்கள். படங்களைச் சுவரில் மாட்டவில்லை. நடுவில் கம்பியில் தொங்கவிட்டார்கள், இரண்டு பக்கமும் தெரிய. கவிஞர் ஆவுடையப்பன், ஓவியர் ஆவுடையப்பன் என்று வாசலில் இரண்டாள் உயரத்துக்குப் பெயர். கூட்டம் முதுகுப் பக்கம்தான் நின்றது. அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொண்டு வந்து தன் பல்லிப் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கோமதியம்மாள் வீட்டுப் படமும் வந்திருந்தது. முன்பக்கம் ஆவுடையப்பன். பின்பக்கம் என் ஹார்ட்போர்டு. ஸ்டிக்கரோடு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பழைய படங்களைச் சரிசெய்கிற ஒரு பெண் அங்கே இருந்தது. சின்ன வயசு. கோமதியம்மாளிடம் கேட்டது. "தண்ணி தொடமாட்டேன் அம்மா. பின்னாலிருந்து போர்டைக் கொஞ்சம் கொஞ்சமா சீவி எடுத்துடுவேன். முகத்துக்கு ஒண்ணும் ஆகாது."

இத்தனை வருஷம் நான் தாளை உரிக்கத்தான் பார்த்தேன். போர்டைச் சீவலாம் என்று தோன்றவே இல்லை. தொழில் தெரிந்தவன் நான்.

நனைக்காமல் என்றால் சரி என்றார் கோமதியம்மாள்.

அந்தப் பெண் மாதக்கணக்கில் சீவியது. போன வாரம் கடைக்கு வந்தது. கீழ்ப் பாதி சுவரின் ஈரத்தில் ஊறி, மயில்துத்தம் பச்சையாகப் பூத்து, எழுத்து போய்விட்டது. மேலே இரண்டு வரி மட்டும் கிடைத்தது. செல்போனில் காட்டியது. கூட்டிப் படித்தேன்.

ஊரார் முகமெல்லாம் உற்றுப் பார்த்தேன்
யாரார் என்முகம் உற்றுப் பார்ப்பார்

"புஸ்தகம் மறுபதிப்பு வருது, முத்தையா சார். காலிப் பக்கத்துல இந்த ரெண்டு வரியைப் போடலாம்னு இருக்கோம். கீழே ரெண்டு வரி போயிடுச்சு. அந்த இடத்துல ஏதாவது குறிப்பு எழுதணும். சாமியோட கூடவே இருந்தது நீங்கதான். என்ன எழுதலாம்?"

எனக்கு எழுத வராது. கண்ணாடி அறுக்கிற கத்தியைக் கீழே வைத்தேன். கரமனை வீட்டில் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். உருளித் தண்ணீர் ஆறியதையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தது, பாதியில் நிறுத்திவிட்டது.

"கால் மணி நேரமா பார்த்தார்?"

"அதுக்கு மேலேயே இருக்கும்மா" என்றேன். "அப்படி ஒருத்தர் ஒருத்தரைப் பார்த்து நான் பார்த்ததில்லை."